கண்ணாடி விரியனுக்கு மருந்து கண்டுபிடிப்பது யார் வேலை?

ஒன்றிய சுகாதாரத் துறை, உயிரித்தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஓர் அரசு மருத்துவரின் திறந்த மடல்.

2030ஆம் ஆண்டுக்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்று 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டீர்கள். அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் மனதார வரவேற்றவள் நான். அந்தத் திட்டத்தை ஒட்டி எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்துக்கு (ஏஎஸ்வி) பதிலாக, மூலக்கூறு உயிரியல் முறையில் உருவாகிவரும் மருந்துகள் நம் பாம்புகளுக்கு எப்போது வரும், அதற்கு என்ன திட்டம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. "இருக்கிற மருந்தே போதும் டாக்டர். கடிபட்டவங்களைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க, ஏஎஸ்வி ஸ்டாக் குறையாம பாத்துக்குங்க" என்று பதில் வந்தது. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் அவசரத்தில் சொன்ன சொல்லாக இருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களும் மருந்துக்குத் தரம் வகுக்கிறவர்களும் இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் நடப்பால் சொல்லிவரும் பதிலும் அதுதான்.

போதும் என்கிற அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன்.

வட மாவட்டம் ஒன்றின் தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளைகிற பூமி. மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் கையிலும், கரும்பு வெட்டும் பருவத்தில் காலிலும் கடி வாங்கி வருவார்கள். அப்படி ஒரு நாள் முப்பது வயது தாண்டிய ஓர் அம்மாவை, கணவர் எக்ஸ்எல் வண்டியில் நடுவே உட்காரவைத்து, பின்னால் தம்பி பிடித்துக்கொள்ளக் கூட்டிவந்தார். கடிபட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மந்திரிக்கப் போகவில்லை, கயிறு கட்டவில்லை, வாய் வைத்து உறிஞ்சவில்லை. நாம் ஊர் ஊராகச் சுவரில் எழுதி வைத்திருக்கிற அத்தனையையும் அந்தக் குடும்பம் கடைப்பிடித்திருந்தது. "கண்ணாடி விரியன்தான் டாக்டரம்மா, நானே பார்த்தேன்" என்று கணவர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். முதுகில் சங்கிலி போட்டாற்போல அந்த வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசையாமல் நிறுத்தி வைத்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் எங்களிடம் உள்ள பரிசோதனை. சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. பத்துக் குப்பி ஏஎஸ்வி எடுத்தோம். அது பொடியாக இருக்கும். ஒவ்வொரு குப்பியிலும் பத்து மில்லி தண்ணீர் ஏற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டித்தான் கரைக்க முடியும். சிஸ்டர் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருக்க, "ஊசியைப் போடுங்களேம்மா, ஏன் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருக்கீங்க" என்று வாசலில் நின்று மாமியார் அழுதார். மருந்து ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது, நடுக்கம் வந்தது, மூச்சு இழுத்தது. குதிரைப் புரதத்தை உடம்பு எதிர்க்கிறது. மருந்தை நிறுத்தி, தயாராக ஏற்றி வைத்திருந்த அட்ரினலினைப் போட்டு, அடங்கிய பிறகு மீண்டும் தொடங்கினோம். ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தம் உறையவில்லை. இன்னும் பத்து. அதன் பிறகு மேலும் பத்து. விடியும்போது ரத்தம் உறைந்தது. சிறுநீர் நின்றுவிட்டது. பையில் சேர்ந்திருந்த கொஞ்சம் சிறுநீரும் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தார். சிறுநீரகம் பிழைக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு பஸ் ஏறுகிறார். டயாலிசிஸ் செலவை அரசுக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. பஸ் செலவையும், கூடப்போகிற கணவரின் அன்றைய கூலியையும் யாரும் பார்ப்பதில்லை. நூறு நாள் வேலைக்குக்கூட அவரால் போக முடியாது. உங்கள் கணக்கில் இவர் உயிர் காப்பாற்றப்பட்டவர்.

சீக்கிரம் வந்தவர், சரியான மருந்தைப் போதிய அளவு பெற்றவர் இவர். "சீக்கிரம் வரச் சொல்லுங்கள்" என்பது மட்டுமே பதிலாக இருக்க முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இவரும் இவரைப் போன்றவர்களும்தான்.

கோளாறு எங்கே என்று பார்ப்போம். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கால்மெட் 1890களில் உருவாக்கிய முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு பாம்புகளின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடிகளை, அதாவது விஷத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதங்களை, பிரித்துக் குப்பியில் அடைக்கிறோம். அந்தக் குதிரை வாழ்நாளில் சந்தித்த தூசி, கிருமி எல்லாவற்றுக்குமான ஆன்டிபாடிகளும் அதில் கலந்திருக்கும். விஷத்தைப் பிடிப்பவை ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கிலும் நான்கு பாம்புகளுக்கானவை கலந்திருக்கின்றன, கடித்ததோ ஒன்று. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும் என்று குப்பியில் அச்சிட்டிருக்கிறது. ஒரு கடியில் அந்தப் பாம்பு சராசரியாக 63 மில்லிகிராம் வரை ஏற்றும் என்ற கணக்கில்தான் பத்துக் குப்பி என்ற தொடக்க அளவே வந்தது. அச்சிட்ட அளவு எல்லா ஊர்ப் பாம்புக்கும் பொருந்துமா என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது. வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகம், மேற்கின் சிந்து கட்டு விரியன் போன்றவற்றுக்கு நம் சந்தை மருந்துகள் மிகப் பலவீனமாக இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் கடிக்கிற கூர்மூக்குக் குட்டிக் குழிவிரியனுக்கு இந்தியாவில் மருந்தே கிடையாது. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கிற பாம்புதான்.

இன்னொரு சிக்கல் விஷத்தின் உள்ளேயே இருக்கிறது. நாகத்தின் நரம்பு விஷங்கள் மிகச் சிறிய புரதங்கள். உடம்பு அவற்றைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. குதிரையின் உடம்பும் அப்படித்தான். கொல்லும் புரதத்துக்கு எதிராகக் குறைவாகவும், கொல்லாத பெரிய புரதங்களுக்கு எதிராக நிறையவும் ஆன்டிபாடி உருவாகிறது. கட்டு விரியன் கதை இன்னும் கொடுமை. தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளையை நடு இரவில் கடிக்கும். வலி இருக்காது, தடம் இருக்காது. விடிகாலையில் "வயிறு வலிக்குது" என்று எழுந்திருக்கும், சற்று நேரத்தில் இமை தொங்கும், மூச்சு அடங்கும். அதன் விஷத்திலுள்ள பாஸ்போலிபேஸ் என்ற நொதி நரம்பின் நுனிக்குள் புகுந்து அதை அழித்துவிட்டால், பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் அழிந்த நுனி திரும்பாது; அது மறுபடி வளரும் வரை மூச்சை நாம்தான் தள்ள வேண்டும். 108 வண்டியில் மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பையைக் கையால் அமுக்கிக்கொண்டே பெரிய மருத்துவமனை வரை போன சிஸ்டர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

குதிரை மருந்தை நான் பழிக்கவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் வார்டில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அதோடு நின்றுவிட வேண்டுமா என்பதே கேள்வி. நிற்க வேண்டியதில்லை என்று உலகம் கடந்த சில ஆண்டுகளில் காட்டிவிட்டது.

2020 ஜனவரியில் இந்திய நாகத்தின் முழு மரபணு வரிசையும் வெளியானது. நம் நாட்டு விஞ்ஞானிகள் பெரும்பங்கு வகித்த ஆய்வு அது. விஷம் தொடர்பான 139 மரபணுக்களை இனம்கண்டு, அவற்றுள் விஷப் பையில் மட்டுமே செயல்படும் 19 நச்சுப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். எவற்றைக் குறிவைத்தால் போதும் என்ற பட்டியல் அது. அன்றே அவர்கள் எழுதினார்கள்: இந்தப் புரதங்களை ஆய்வகத்தில் உருவாக்கி, அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடலாம், குதிரை வேண்டியதில்லை என்று.

தேடும் வழியும் வந்துவிட்டது. பல ஆயிரம் கோடி வகை மனித ஆன்டிபாடிகளை ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் வளர்த்து, அந்தக் கூட்டத்துக்கு நடுவே நச்சுப் புரதத்தை விட்டு, எது இறுகப் பிடிக்கிறதோ அதை மட்டும் பிரித்தெடுத்தார்கள். பிடித்த ஆன்டிபாடிக்கான மரபணு அந்த ஈஸ்டுக்குள்ளேயே இருப்பதால், அதை எடுத்து வேண்டிய அளவு உற்பத்தி செய்துகொள்ளலாம். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் பெங்களூருவில் சுனகரின் குழுவும் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து இப்படிக் கண்டெடுத்த 95மேட்5 என்ற ஆன்டிபாடி 2024 பிப்ரவரியில் வெளியானது. கருமாம்பா, ஒற்றைக்கண் நாகம் போன்ற வெவ்வேறு கண்டத்துப் பாம்புகளின் விஷத்திலிருந்து அந்த ஒரே ஆன்டிபாடி எலிகளைக் காப்பாற்றியது. 2025 ஜனவரியில், வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர் இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, நாக விஷத்தின் நச்சுப் புரதங்களைக் கட்டிப்போட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், பல்லாண்டுகளாகத் தன் உடம்பிலேயே விஷம் ஏற்றிவந்த டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கரின் ரத்தத்திலிருந்து இரண்டு ஆன்டிபாடிகளைப் பிரித்து, வரெஸ்பிளாடிப் என்ற சிறு மருந்தோடு சேர்த்தார்கள். சோதித்த 19 பாம்புகளில் 13இன் விஷத்திலிருந்து எலிகள் முழுதாகவும், மீதி 6இலிருந்து ஓரளவும் தப்பின. அக்டோபரில் டென்மார்க்கிலிருந்து இன்னொரு செய்தி: ஒட்டகக் குடும்பத்து விலங்குகளிலிருந்து எடுத்த எட்டு நுண் ஆன்டிபாடிகளின் கலவை, ஆப்பிரிக்காவின் 18 பாம்புகளில் 17இன் விஷத்தை முறித்தது.

ஒவ்வொரு செய்தி வரும்போதும் நான் முதலில் தேடுவது பாம்புகளின் பட்டியலைத்தான். நாகம், மாம்பா, கட்டு விரியன். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டு விரியனும் நாகக் குடும்பம்தான். எல்லாம் ஒரே குடும்பம். கண்ணாடி விரியன் இல்லை. சுருட்டை விரியன் இல்லை.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாகக் குடும்பத்தின் விஷத்தில் கொல்பவை சில சிறு புரதங்கள். பல நாட்டுப் பாம்புகளிலும் அவை ஒரே சாயலில் இருக்கும். விரியன் விஷத்தில் ரத்தம் உறைவதைக் கெடுக்கும் நொதிகள், நாளச் சுவரை அரிக்கும் நொதிகள், திசுவைக் கரைக்கும் நொதிகள் எனப் பெரிய கூட்டமே உண்டு. ஊருக்கு ஊர் விகிதமும் மாறும். கடினமான வேலைதான். ஆனால் கடினம் என்பது மட்டும் காரணமில்லை. கண்ணாடி விரியன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இல்லை. இங்கே, இலங்கையில், பாகிஸ்தானில், வங்கதேசத்தில் இருக்கிறது. அதன் கடிபட்டவர்கள் மருந்துக்கு விலை கொடுக்க முடியாதவர்கள். வெளிநாட்டு நிதி ஒருநாள் நம் விரியனுக்கும் வரும் என்று காத்திருந்தால் நான் ஓய்வு பெறும்வரை குப்பியை உருட்டிக்கொண்டுதான் இருப்போம்.

அந்த விஷம் தெரியாத விஷமா என்றால், அதுவும் இல்லை. மருத்துவம் மிக நன்றாக அறிந்த விஷங்களில் ஒன்று அது. 1934இலேயே லண்டனில் மேக்ஃபார்லேனும் பார்னெட்டும் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக் கசிவை நிறுத்த அதைப் பயன்படுத்தினார்கள். அதில் ரத்த உறைவின் பத்தாம் காரணியைத் தூண்டுவது எந்தப் புரதம், ஐந்தாம் காரணியைத் தூண்டுவது எந்தப் புரதம் என்பது தெரியும். முப்பரிமாண வடிவம் வரை தெரியும். அடிக்கடி கரு கலையும் பெண்களுக்கு லூபஸ் ஆன்டிகோகுலன்ட் என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறோமே, உலகம் முழுக்க அந்தப் பரிசோதனையின் முக்கிய முறை ஒன்று நடப்பது இந்தக் கண்ணாடி விரியனின் விஷத்தை வைத்துத்தான். சுருட்டை விரியனின் விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்த டைரோஃபிபன் என்ற மருந்து மாரடைப்பு நோயாளிகளுக்குப் போகிறது. பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்திலிருந்து பிறந்த வழியில்தான் ரத்தக் கொதிப்புக்கான கேப்டோப்ரில் வந்தது. விஷத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்து நகரத்து இதயநோய்க்கு மருந்து செய்யத் தெரிந்த அறிவியலுக்கு, அந்த விஷம் ஏறிய விவசாயத் தொழிலாளிக்கு மருந்து செய்யத் தெரியாமல் இல்லை. செய்யச் சொல்லி யாரும் போதிய பணம் ஒதுக்கவில்லை.

நம் நாட்டால் முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை, வேண்டிய மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்துப் புரதத்தை உற்பத்தி செய்யும் மறுசேர்க்கை டிஎன்ஏ முறையில் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஊசியின் விலையை எட்ட முடியாதிருந்த குடும்பங்களுக்கு அது கிடைத்தது. அதைவிட நெருங்கிய சான்று என் வார்டிலேயே இருக்கிறது. வெறிநாய் கடித்தவர்களின் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பொருள் ஊசியும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் குதிரை ரத்தத்திலிருந்தே வந்தது. அதே தடிப்பு, அதே நடுக்கம். புனேயின் சீரம் நிறுவனம் அதற்குப் பதிலாக, ஆய்வகத்தில் உற்பத்தி செய்யும் ஒரே வகை ஆன்டிபாடியை (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) 2017இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாய்க்கடிக்கு வந்த மாற்றம் பாம்புக்கடிக்கும் வர வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா? ரேபிஸ் ஒரே வைரஸ், பாம்பு விஷம் பல புரதம் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு ஆன்டிபாடிகளைக் கலக்க வேண்டியிருக்கும். அந்த ஐந்தாறும் எவை என்று கண்டுபிடிக்கும் வேலைதான் யாரும் முழுப் பொறுப்பேற்காமல் கிடக்கிறது.

செலவு அதிகம் என்பீர்கள். குதிரை மருந்து ஒரு குப்பி சில நூறு ரூபாய்தான். முப்பது குப்பியும், ஐசியூ நாட்களும், ஆயுள் முழுக்க வாரம் இரண்டு டயாலிசிஸும், வேலைக்குப் போக முடியாத ஒரு மனுஷியும் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பாம்பு கடிப்பது பெரும்பாலும் உழைக்கிற வயதில் இருப்பவர்களை. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று நாடு தழுவிய இறப்பு ஆய்வு ஒன்று 2020இல் கணித்தது. இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாதவர்கள். பாம்புக்கடியில் உலகிலேயே அதிகம் பேரை இழக்கும் நாடு நாம்தான். அந்தத் துறையின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்க வேண்டியவர்களும் நாம்தான்.

வரெஸ்பிளாடிப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாஸ்போலிபேஸ் நொதியை அடக்கும் மருந்து அது. முதலில் வேறு நோய்களுக்காக உருவாக்கிக் கைவிட்டது, மாத்திரையாகவே கொடுக்கலாம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்தவர்களிடமே சோதித்தார்கள். முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனால் கடித்த சில மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் பலன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. நம் மக்கள் தங்கள் உடம்பில் வாங்கிக்கொண்ட சோதனை அது. "தோற்றுவிட்டது" என்று மூடிவைக்காமல், சீக்கிரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் குறிவைத்து அடுத்த சோதனையை நம் பணத்தில் நாமே நடத்த வேண்டாமா? குளிர்பெட்டி வேண்டாத ஒரு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் இருந்தால், கட்டு விரியன் கடித்த பிள்ளைக்கு நரம்பு நுனி அழியும் முன்னரே ஏதோ ஒன்று உள்ளே போகும். அது போதுமா, போதாதா என்று சோதித்தால்தான் தெரியும்.

இருளர்களை விட்டுவிட்டு இந்த மடலை முடிக்க முடியாது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை இன்றும் தருகிறது. பாம்பைப் பிடித்து வந்து மண் பானையில் துணி கட்டி வைத்து, சில வாரங்களில் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்துப் பெருமைப்படுத்தினீர்கள். ஆனால் ஒரே வட்டாரத்துப் பாம்புகளின் விஷத்தை வைத்து நாடு முழுக்க மருந்து செய்வது அவர்கள் குற்றமல்ல. மற்ற மாநிலங்களில் இப்படிப் போதிய அமைப்புகளை உருவாக்காத நம் குற்றம். நாளை மறுசேர்க்கை மருந்து வந்து விஷத்தின் தேவை குறைந்தால், அந்தக் குடும்பங்கள் தெருவில் நிற்கக் கூடாது. எந்தப் பாம்பு எங்கே இருக்கும், எந்தப் பருவத்தில் வெளிவரும் என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த மரபணு வங்கியிலும் இல்லை. மாதிரி சேகரிப்பின் கூலிக்காரர்களாக வைத்துக்கொள்ளாமல், ஆய்வின் பங்காளிகளாகவே அவர்களைச் சேர்க்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

கண்ணாடி விரியனை முதல் இலக்காக வைத்து, மறுசேர்க்கை விஷமுறிவு மருந்துக்கென ஒரு தேசியத் திட்டத்தை அறிவியுங்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு கட்டுரை வெளியிட்டதும் முடிந்துபோகிற திட்டமாக அது இருக்க வேண்டாம். நச்சுப் புரதத்தை இனம்காண்பது, ஆன்டிபாடியைத் தேடுவது, அளவாக உற்பத்தி செய்வது, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை என்ற முழு வழிக்கும் பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பெங்களூருவில் கண்டுபிடித்தது வெளிநாட்டு முதலீட்டாளருக்காகக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

எல்லா மாநிலங்களிலிருந்தும் விஷ மாதிரியும் விஷப் பை மரபணு வரிசையும் சேகரித்து, நம் ஆய்வாளர்கள் அனைவருக்கும் திறந்து வையுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே வாங்கும் அனுமதிக்கே ஆய்வுக் காலம் கழிந்துவிடுகிறது. இந்தத் திட்டத்துக்கென ஒரே சாளர அனுமதி கொடுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி பலனில் வரும் பங்கு இருளர்களுக்கும், அவர்களைப் போல் பாம்பறிவு உள்ள பிற சமூகங்களுக்கும் போய்ச்சேரும் என்று திட்ட ஆவணத்திலேயே எழுதுங்கள்.

புதிய மருந்து வரும்வரை பழையதைச் சீர்செய்யுங்கள். குப்பியில் அச்சிடும் முறிக்கும் திறன் எந்த வட்டாரப் பாம்பின் விஷத்தில் சோதித்தது என்பதைக் குப்பியிலேயே குறிப்பிட உத்தரவிடுங்கள். சந்தையிலுள்ள தொகுதிகளை அந்தந்த வட்டார விஷத்தோடு சோதித்து முடிவை வெளியிடுங்கள். விஷமுறிவு மருந்து செய்ய வேண்டிய பாம்புகளின் பட்டியலில் மலை மாவட்டங்களின் குழிவிரியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடித்தது எந்தப் பாம்பு, ரத்தத்தில் இன்னும் எவ்வளவு விஷம் மீதி இருக்கிறது என்று படுக்கையருகிலேயே காட்டும் பட்டைப் பரிசோதனை ஒன்று எங்களுக்கு வேண்டும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இருப்பது போன்ற ஆன்டிபாடி நுட்பம்தான் இதற்கும் தேவை. ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பாம்பு விஷத்தை இனம்காணும் பரிசோதனைப் பெட்டி இருந்துவந்திருக்கிறது. நாங்கள் இன்னும் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பார்க்கிறோம். மூன்றாவது பத்துக் குப்பி உண்மையிலேயே தேவையா, விஷம் ஏற்கெனவே முறிந்துவிட்டதா என்று தெரியாமல் ஏற்றுகிறோம்.

மனிதச் சோதனைகளைத் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் நடத்துங்கள். கடிபட்டவர்கள் முதலில் வருவது எங்களிடம்தான். ஒப்புதல் படிவம் அவரவர் மொழியில், படித்துக்காட்டினால் புரிகிற நடையில் இருக்க வேண்டும். சோதனையில் பங்கெடுத்த மாவட்டங்களுக்கு மருந்து முதலில் வர வேண்டும். பொதுப்பணத்தில் உருவானதற்கு விலை உச்சவரம்பும் அரசுக் கொள்முதல் உறுதியும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

செயல்திட்டத்தின் முன்னேற்றத்தை அளக்கும்போது சாவோடு சேர்த்துச் சிறுநீரகம் இழந்தவர்களையும், கை கால் இழந்தவர்களையும் எண்ணுங்கள். மருத்துவமனையை விட்டுப் போன பிறகும் ஓராண்டு வரை அவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க நிதியும் ஆளும் கொடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்றதற்கு எந்தத் துறை பொறுப்பு, எந்த ஆண்டுக்குள் என்பதை எழுத்தில், பொதுவெளியில் சொல்லுங்கள். அடுத்த மல்லாட்டைப் பருவத்துக்கு முன் அந்தப் பதில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாலுகா அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவர்